குழலுக்குள் உருண்ட கல்

நேயர்களுக்கு வணக்கம்.

திண்மம், திரவம், வாயு. பள்ளியில் படித்தது இன்னும் நினைவிருக்கும். திண்மத்துக்குச் சொந்தமாக ஓர் உருவம் உண்டு, திரவம் ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், வாயு கிடைத்த இடமெல்லாம் பரவும். சரிதான். ஆனால் இப்படிப் படித்ததில், மூன்றுக்கும் நடுவே ஏதோ சுவர் இருக்கிறது என்ற எண்ணமும் மனதில் தங்கிவிடுகிறது. அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பனிக்கட்டியிலும் தண்ணீரிலும் நீராவியிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. பனிக்கட்டியில் அது நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். தண்ணீரில் பக்கத்து மூலக்கூறுகளை உரசியபடி இடம் மாறும். நீராவியில் பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை முழுக்க அறுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

அறுப்பது லேசான வேலை இல்லை. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறக்குறைய 420 ஜூல் வெப்பம் போதும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). அதே ஒரு கிராமை 100 டிகிரியிலேயே ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், வெப்பமானி நகராது. வெப்பத்தின் பெரும்பகுதி பிடியை அறுப்பதில் செலவாகிறது. உள்ளுறை வெப்பம் என்று இதற்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, உள்ளே வைத்திருந்ததை அப்படியே நம்மிடம் இறக்கிவிடும். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடுவது அதனால்தான். தயவுசெய்து மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கொதிக்கும் பாத்திரத்தின் மேலே வெள்ளையாகத் தெரிகிறதே, அது நீராவி இல்லை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது.

இனி அந்தச் சுவர். 1822-இல் பிரான்சில் சார்ல் காஞார் த லா தூர் என்பவர் ஒரு சோதனை செய்தார். தடித்த உலோகக் குழலில் திரவத்தையும் ஓர் உருண்டைக் கல்லையும் போட்டு, இறுக மூடிச் சூடாக்கினார். குழலை அசைத்து, உள்ளே கல் உருளும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார். வானொலிக்காரர்களுக்கு மிகவும் பிடிக்க வேண்டிய சோதனை இது. திரவம் இருக்கும்வரை, கல் அதில் விழுந்து எழும் சத்தம் கேட்டது. ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே திரவம் எது, வாயு எது என்று பிரிக்க முடியாத ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அந்த எல்லைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். தண்ணீருக்கு 374 டிகிரி செல்சியஸ். கார்பன் டை ஆக்சைடுக்கு வெறும் 31 டிகிரி. அயர்லாந்து வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் இந்த எல்லையை விளக்கினார். மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது. ஆனால் வாயுவை அந்த வெப்பநிலையைத் தாண்டிச் சூடாக்கி, நன்றாக அழுத்தி, பிறகு அழுத்தம் குறையாமல் குளிர வைத்தால், கொதிப்பதோ துளி விழுவதோ எங்கும் தெரியாமலே வாயு திரவமாகிவிடும். அதாவது சுவரைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது.

திண்மத்துக்கும் திரவத்துக்கும் நடுவே இப்படி ஒரு சுற்றுவழியை இதுவரை யாரும் கண்டதில்லை. பனிக்கட்டி போன்ற படிகத்தில் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வரிசை ஒன்று இருக்கும், இல்லையென்றால் இருக்காது.

நன்றி, வணக்கம்.