தறப்பாளோ, டைனீமாவோ? பாரம் குறைஞ்ச கூடாரத் துணியும் வன்னிக் காடும்

வணக்கம் உறவுகளே. முதுகில பாக்கைக் கொழுவிக்கொண்டு ரெண்டு மூண்டு நாள் நடக்கிற ஆக்களுக்கான காணொளி இது. தறப்பாள் கட்ட வன்னிச் சனத்துக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதை விடுவம். இண்டைக்குக் கதை துணியைப் பற்றி. பாரம் குறைஞ்சது எண்டு இப்ப விக்கிற கூடாரத் துணியள் எங்கட வெயிலுக்கும் மாரிக்கும் சரிவருமோ, குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ எண்டு பாப்பம்.

முதல்ல கணக்கு. நிவாரணத்துக்குக் குடுக்கிற தடிச்ச தறப்பாள் சதுர மீற்றருக்கு 200 கிராம் மட்டில வரும். 3 மீற்றருக்கு 3 மீற்றர் எண்டா 9 சதுர மீற்றர், 1.8 கிலோ. அதே அளவைச் சில்நைலோனில, அதாவது ரெண்டு பக்கமும் சிலிக்கோன் ஊறின நைலோனில, தைச்சா துணி 400 கிராம் மட்டிலதான். சில்பொலி எண்டு சொல்லுற சிலிக்கோன் பூசின பொலியெஸ்ரரும் ஏறக்குறைய அவ்வளவுதான். டைனீமா எண்டு விக்கிற, தாள் மாதிரியான துணியில மெல்லிசான ரகம் சதுர மீற்றருக்கு 17 கிராம். அப்ப முழுத் துணியும் 150 கிராம், ஒரு மாம்பழத்தின்ர பாரம். இதைக் கேட்டவுடன வாங்கிறதுக்கு வங்கிக் காட்டை எடுத்துக்கொண்டு ஓடாதேங்கோ, பொறுங்கோ.

சில்நைலோன் லேசில கிழியாது. முள்ளுக் கொப்பு இழுத்தாலும் தாங்கும். ஆனா நைலோன் தண்ணி குடிக்கிற நூல். குடிச்சா நீளும். பின்னேரம் மேளம் மாதிரி இழுத்துக் கட்டின துணி, இரவு பனி விழுந்த பிறகு தொய்ஞ்சு முகத்துக்குக் கிட்ட வந்து நிக்கும். மாரி காலத்தில குளத்தடியில படுத்தா இது கட்டாயம் நடக்கும். படுக்க முதல் ஒருக்கா கயிறுகளை இறுக்கோணும், கடும் மழையெண்டா நடுச்சாமத்தில எழும்பி இன்னொருக்கா. சில்பொலியில இந்தக் கரைச்சல் இல்லை. பொலியெஸ்ரர் தண்ணி குடிக்கிறது மிச்சம் குறைவு, நீளாது. வெயிலுக்கும் நைலோனைவிடத் தாக்குப்பிடிக்கும். அதே பாரத்தில கிழியிற பலம் கொஞ்சம் குறைவு, அது உண்மைதான். ஆனா எங்கட இடத்துக்கு வெயில்தான் பெரிய எதிரி எண்டபடியா நான் சில்பொலிக்குத்தான் வோட்டுப் போடுவன். எந்தத் துணியெண்டாலும் பகல் முழுக்க வெயிலில விரிச்சபடி விடாதேங்கோ.

இப்ப டைனீமா. இது நெய்த துணி இல்லை. ரெண்டு மெல்லிய பொலியெஸ்ரர் தாளுக்கு நடுவில பலமான நூலை வைச்சு ஒட்டினது. தண்ணி துளியும் குடிக்காது, நீளாது. தொய்யிற கதையே இல்லை. பிழை எங்க எண்டா, மடிச்சு மடிச்சு வைக்கிற இடத்தில தாள் தேய்ஞ்சு ஊசித்துளை விழும். அதால பைக்குள்ள அமத்தித் திணிக்காமல் சுருட்டி வைக்கோணும், சுருட்டினா பாக்கில இடம் கூடப் பிடிக்கும். விடத்தல் முள்ளும் சூரை முள்ளும் குத்தினாலும் துளைதான். ஆனா அந்தத் துணிக்கெண்டு வாற ஒட்டு நாடாவை வெட்டி ரெண்டு பக்கமும் ஒட்டினா ரெண்டு நிமிசத்தில அலுவல் முடிஞ்சுது, இது அதின்ர நல்ல குணம். மெல்லிசான ரகம் வெளிச்சத்தை விடும், பகல்ல நிழல் எண்டு பேருக்குத்தான். சூடும் ஆகாது. உள்ளுக்க இருக்கிற நூல் 150 பாகை மட்டில உருகிப்போகும், நைலோனும் பொலியெஸ்ரரும் 200 பாகைக்கு மேலதான் உருகும். அதுக்காக அவைக்குக் கீழ நுளம்புத்திரி கொளுத்தலாம் எண்டு நினைக்காதேங்கோ. திரியின்ர நுனி பட்டா மூண்டு துணியிலயும் ஓட்டைதான்.

விலையைப் பாத்தா டைனீமா சில்பொலியைவிட ரெண்டு மூண்டு மடங்கு. மிச்சம் பிடிக்கிறது 250 கிராம். இஞ்ச கோடையில நடக்கேக்க தண்ணி கிடைக்கிற இடத்துக்கு இடையில 4, 5 லீற்றர் காவவேணும். 250 கிராம் எண்டது ஒரு கோப்பைத் தண்ணி. மலை ஏறி மாசக்கணக்கில நடக்கிறவைக்கு அந்தக் கணக்கு வேற. மேடு பள்ளம் இல்லாத வன்னியில மூண்டு நாள் நடக்க அந்தக் காசு வீண் எண்டுதான் சொல்லுவன்.

துணியைவிட முக்கியமான விசயம் இனித்தான் வருது. பாரம் குறைக்கிற ஆக்கள் முதல்ல வெட்டுறது கூடாரத்தின்ர தரையையும் நுளம்பு வலையையும். மேல ஒரு துணி, கீழ ஒரு பிளாஸ்ரிக் தாள், அவ்வளவுதான். குளிர் நாட்டில அது சரி. இஞ்ச எண்ணெய் விரியன் இருக்கு. அது இரவில திரியிற பாம்பு, நிலத்தில படுத்திருக்கிற ஆக்களைத்தான் கனக்கக் கடிக்கிறது, கடிச்ச இடம் பெரிசா நோகாது, வீங்காது, ஆனா விசம் ஆளைக் கொல்லும். சந்தேகம் எண்டாலே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. ஆகவே தரை வேணும், அந்தத் தரை நாலு பக்கமும் 10, 15 சென்ரிமீற்றர் தொட்டி மாதிரி எழும்பி நிக்கோணும், அதோட வலை இடைவெளி இல்லாமல் தைச்சிருக்கோணும், சிப் முழுக்கப் பூட்டுப்படோணும். இப்பிடித் தரையும் வலையும் சேந்த, ஒரு ஆளுக்கான வலைக்கூடு 450 கிராம் மட்டில. நுளம்பும் பூரானும் மட்டத்தேளும் அதோட சேந்து போச்சு. சில்பொலித் துணி, வலைக்கூடு, முளை 8, கயிறு எல்லாம் சேத்து 1.1 கிலோவுக்குள்ள முடிக்கலாம். இதில கை வைக்காதேங்கோ.

வலைக்கூடு இன்னொண்டுக்கும் உதவும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில மூச்சுக்காத்தும் வெளி ஈரமும் சேந்து உள்பக்கம் வியர்க்கும், படுக்கையில முட்டினா நனையும். வலை நடுவில நிண்டா உடம்பு துணியில முட்டாது. திறந்த தறப்பாளில காத்து ஓடுறபடியா வியர்வையும் குறைவு, புழுக்கமும் குறைவு.

கட்டுற அளவைப் பாருங்கோ. 3 மீற்றர்த் துணியை நடுவால கூரை மாதிரி மடிச்சா ஒரு பக்கம் 1.5 மீற்றர். முகடு 1.2 மீற்றர் உயரத்தில நிண்டா கீழ அகலம் 1.8 மீற்றர். முகட்டை 90 சென்ரிமீற்றருக்கு இறக்கினா அகலம் 2.4 மீற்றர். மழை சாரலடிக்கிற நாளில இறக்குங்கோ, ரெண்டு கரையாலயும் 30 சென்ரிமீற்றர் கூடக் கிடைக்கும். கூரையின்ர திறந்த வாய் ரெண்டும் காத்துக்குக் குறுக்கால வரவேணும், காத்து வாற பக்கத்து விளிம்பை நிலத்தோட ஒட்டி அடிக்கோணும். மாரியில வடகிழக்குப் பக்கம், சோளகத்தில தென்மேற்குப் பக்கம். ஐப்பசியிலயும் சித்திரையிலயும் பின்னேர இடிமழை எந்தப் பக்கத்தாலயும் அடிக்கும், அண்டைக்கு நாலு விளிம்பும் தாழ்வா. மரத்துக்கு மரம் முகட்டுக் கயிறு கட்டினா, துணிக்கு வெளியால ஒரு சின்ன நூலைத் தொங்க விடுங்கோ, கயிறால ஓடிவாற தண்ணி அதால சொட்டிப்போகும். முசுறுக் கூடு இருக்கிற மரத்தைத் தொடாதேங்கோ.

முளை. கோடையில கிரவல் நிலத்தில மெல்லிய ரைற்றேனியம் கம்பி வளைஞ்சுபோகும், 14 கிராம் மட்டில வாற முக்கோண அலுமினிய முளைதான் இறங்கும். மாரியில அதே நிலம் சேறாகி முளை உருவிக்கொண்டு வரும், மேல கல்லை வையுங்கோ. முல்லைத்தீவு, நாயாறு கடற்கரை மணலில முளை நிக்கவே நிக்காது. கிழிச்ச உரப்பைத் துண்டில மணலைக் கட்டி, நடுவில கயிறு போட்டு, 30 சென்ரிமீற்றர் ஆழத்தில தாட்டு விடுங்கோ.

ஆனா முளை அடிக்கிறது எண்டது நிலத்துக்குள்ள இரும்பு இறக்கிற வேலை, அதை மறக்காதேங்கோ. மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கம் மட்டுமில்லை, சனம் புழங்காத எந்த நிலத்திலயும் கூடாரம் அடிக்காதேங்கோ. கிராம சேவையாளரிட்டயோ அந்த ஊர் ஆக்களிட்டயோ கேட்டு, தோட்டம் செய்யிற நிலம், வளவு, கோயில் வீதி, இப்பிடி இடமாப் பாருங்கோ. சுண்டிக்குளம், மடு றோட் தேசிய பூங்காக்களுக்குள்ள வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமல் இரவு நிக்க ஏலாது. குளத்துக்கு யானை இறங்கிற வழியில எந்தத் துணியும் உதவாது. பாலைப்பழக் காலத்தில பாலை மரத்துக்குக் கீழ வேண்டாம், கரடி வரும். செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு முல்லைத்தீவால நடந்துபோற அடியார்கள் இரவில கோயில் மண்டபத்தில படுக்கிறவை. அதைவிடப் பாரம் குறைஞ்ச கூரை கடையில இல்லை.

கடைசியா, வாங்கின உடன செய்யிற வேலை. துணியின்ர பூச்சு எது எண்டு பாருங்கோ. உள்பக்கம் பொலியூறித்தேன், பி.யூ. எண்டு எழுதியிருந்தா, எங்கட வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது சில வருசத்தில பிசுபிசுத்து, ஒரு புளிச்ச நாத்தம் அடிச்சு, உரிஞ்சு வரும். ஈரத்தோட அலுமாரியில வைச்சா இன்னும் கெதியா. ரெண்டு பக்கமும் சிலிக்கோன் எண்டா அந்தப் பயம் இல்லை, ஆனா கனக்கத் தையலுக்கு நாடா ஒட்டியிருக்காது, நீங்கள்தான் பூசி அடைக்கோணும். ஹாட்வெயர் கடையில நிறமில்லாத, நூறு வீத சிலிக்கோன் சீலன்ற் ஒண்டு எடுங்கோ, அக்ரிலிக் வேண்டாம். ஒரு பங்கு சீலன்ற், மூண்டு பங்கு மினரல் டர்பன்டைன், பழைய ரின்னில விட்டு, தேங்காய் முதல் பால் பதத்துக்கு அடியுங்கோ. துணியை வெளியில இழுத்துக் கட்டிப்போட்டு, தையலின்ர வெளிப்பக்கம் சின்னத் தூரிகையால தேயுங்கோ, கயிறு கட்டுற மூலையளுக்கு ரெண்டு தரம். மிஞ்சினதை வலைக்கூட்டின்ர தரையில கோடு கோடா இழுத்துவிட்டா படுக்கை வழுக்காது. 24 மணித்தியாலம் காயட்டும். பிறகு ஒரு வாளித் தண்ணியைத் தையல் வழிய ஊத்தி, கீழ கையை வைச்சுத் தடவிப் பாருங்கோ. ஈரம் பட்ட இடத்தில மட்டும் இன்னொருக்காப் பூசினாக் காணும்.