பிள்ளை குறைந்தது யார் குற்றம்?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களிலும் பிறகு டவுன் கிளினிக்கிலும் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாண வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நம் இனமே குறைந்துபோகிறது." பக்கத்தில் நிற்கும் மருமகள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவளுக்காகத்தான் இன்று பேச வந்தேன்.

நம் பாட்டிமார் ஏழு, எட்டு பெற்றார்கள், சரி. எத்தனை தங்கின? ரப்பர்த் தோட்டங்கள் திறந்த புதிதில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்தன. 1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை அடக்கிக் காட்டினார். அப்புறம் மெல்ல மெல்லக் குழாய்த் தண்ணீர் வந்தது, தடுப்பூசி வந்தது, பயிற்சி பெற்ற மருத்துவச்சி வந்தார். முதலில் சாவு குறைகிறது. பிறப்பு குறைய ஒரு தலைமுறையாவது பிந்துகிறது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் தொகை பெருகுகிறது. அமெரிக்க ஆய்வாளர் வாரன் தாம்சன் 1929-இலேயே பல நாடுகளைப் பார்த்து இந்தப் போக்கை எழுதிவிட்டார். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் நம் ஆயாக்கொட்டகைகளில் தொட்டில் கட்ட இடமில்லாமல் இருந்ததே, அது அந்த இடைப்பட்ட காலம்.

1970-இல் மலேசியப் பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள். 2022-இல் 1.6. ஒரு தலைமுறை தன் அளவிலேயே நிலைக்க 2.1 வேண்டும். மலேசிய இந்தியர்களுக்கோ ஒன்றுக்குச் சற்றுத்தான் மேல். இது நமக்கு மட்டும் வந்த கேடா? தமிழ்நாட்டிலேயே 2019–21 கணக்கெடுப்பில் 1.8. தென் கொரியாவில் 2023-இல் 0.72.

அரசாங்கம் சொல்லி நடந்ததும் இல்லை. 1966-இல் குடும்பத் திட்ட வாரியம் வந்தது. 1984-இல் போக்கை மாற்றி, 70 மில்லியன் மக்கள் வேண்டும் என்று அரசாங்கமே இலக்கு வைத்தது. அதற்குப் பிறகும் பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டேதான் வந்தது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் பெண்ணின் படிப்பும் சேர்ந்து செய்த வேலை இது. அன்று பத்து வயதுப் பையன் தாயோடு போய், ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்கினான், வீட்டுக்கு வருமானம். இன்று அதே வயதில் டியூஷனுக்குப் போகிறான், வீட்டுக்குச் செலவு. கணக்குப் போடத் தெரிந்த தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தமிழ்ப்பள்ளியில் பிள்ளை இல்லை என்று கவலைப்படுகிறோம். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அதில் இரண்டு காரணங்கள் கலந்து கிடக்கின்றன. பிறப்பு குறைந்தது ஒன்று. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பிறகு, இளையோர் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது இன்னொன்று. இரண்டாவதுதான் நம் ஊரைச் சீக்கிரம் கிழடாக்கியது. பிறப்பு விகிதம் இறங்கினாலும் நாடு முழுவதற்குமான எண்ணிக்கை உடனே குறையாது. பிள்ளை பெறும் வயதில் ஏற்கெனவே நிறையப் பேர் இருப்பார்கள். 2010-இல் 28 மில்லியனாக இருந்த மலேசியா 2020-இல் 32 மில்லியனைத் தாண்டியது. தோட்டத்து டவுனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது முதுமைதான். 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 7 பேரிலிருந்து 14 பேராக உயர பிரான்சுக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. ஜப்பானுக்கு 24 ஆண்டு. நாமும் ஜப்பான் வேகத்தில்தான் போகிறோம், ஜப்பானின் சேமிப்பு நம்மிடம் இல்லை. நாள் சம்பளத்துக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் கையில் எவ்வளவு சேமநிதி மிஞ்சியிருக்கும்? இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, முட்டி வலி. கிளினிக் போகக் கைப்பேசியில் கிராப் வாடகைக் கார் பிடிக்கத் தெரியாது. மகன் ஜொகூரில். கைப்பேசியில் தினமும் பேசுகிறான், நல்ல பிள்ளைதான், ஆனால் மாத்திரை தீர்ந்ததை அவனால் அங்கிருந்து பார்க்க முடியாது.

இதற்கு இன்னும் நாலு பிள்ளை பெறு என்பது பதிலாகாது. இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்க இருபது வருடமாவது ஆகும், பாட்டிக்கு மாத்திரை இந்த வாரம் வேண்டும். நம் கோயில் மண்டபங்கள் வார நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. வாரத்தில் ஒரு காலை திறந்து, இரத்த அழுத்தம் பார்க்க ஓய்வுபெற்ற தாதி ஒருவர், கிளினிக் நாளன்று ஏற்றிப்போக வண்டியுள்ளவர் இரண்டு பேர், யாருக்கு எந்தத் தேதி என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம். அடுத்த கோயில் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். தாதி வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.