அவசரத்தில் பிறந்த நங்கூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நங்கூரம், சிறகு விரித்த கழுகு, குத்துவாள் பாய்ந்த இதயம். டீ-ஷர்ட்டிலும் மொபைல் உறையிலும் இந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். விண்டேஜ் டாட்டூ என்று விற்கிறார்கள். தடித்த கறுப்புக் கோடு, உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள், அவ்வளவுதான். யாரோ ஓவியர் யோசித்து உருவாக்கிய பாணி போலத் தெரியும். எனக்கென்னவோ, இதை உருவாக்கியது அவசரம்தான் என்று தோன்றுகிறது.

நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் மின்சார டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்தில் துளையிட்டு நகலெடுக்க எடிசன் செய்த மின்சாரப் பேனாவின் வழி வந்த கருவி அது. கையால் குத்தியபோது மெதுவாக நடந்த வேலை வேகம் பிடித்தது. அப்புறம் துறைமுகத் தெருக்களில் கடைகள் பெருகின. வருகிறவர்களில் நிறையப் பேர் மாலுமிகள். கப்பல் கிளம்புவதற்குள் வேலை முடிய வேண்டும்; சிலர் குடித்துவிட்டு வேறு வந்திருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து, "என்ன வரையலாம்?" என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா? படங்களை அட்டையில் வரைந்து சுவர் முழுக்க மாட்டிவிட்டார்கள். ஃபிளாஷ் என்பது அந்த அட்டைகளின் பெயர். வந்தவர் விரலை நீட்டினால் போதும். நம்மூர்த் திருவிழாவில் பச்சை குத்துகிறவர் முன்னால் வைத்திருக்கும் படப் பலகையும் இதே ஏற்பாடுதான்.

படத்தின் கோடுகளை முன்பே செல்லுலாய்டு தகட்டில் கீறி வைத்திருப்பார்கள். மழித்த தோலில் வாஸ்லின் களிம்பைத் தடவி, கீறலில் கரித்தூளை நிரப்பி அழுத்தினால் படம் தோலில் இறங்கிவிடும். கை பட்டாலே கலையும் கரிக்கோடு அது. அதன்மேல் நுணுக்க வேலை எங்கே செய்வது? தடிப்பாக ஒரே இழுப்பு. அதில் ஒரு லாபமும் இருந்தது. வருடங்கள் போகப்போக மை தோலுக்குள் பரவும். மெல்லிய கோடு கலங்கிப்போகும். தடித்த கோட்டில் கழுகு கழுகாகவே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஆபாசமான டாட்டூ இருந்தால் கடற்படையில் சேர்க்க மறுக்கலாம் என்று 1909-இல் அமெரிக்க அரசு சொல்லிவிட்டது. உடனே, கையில் ஏற்கெனவே இருந்த நிர்வாணப் பெண்களுக்குப் பாவாடை வரைந்துகொள்ள ஆட்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள்!

1929-இல் கார்ட்டூனில் வந்த மாலுமி பாப்பாய் கையிலும் நங்கூரம்தான். படம் பிரபலமானாலும் தொழிலுக்கு மரியாதை வரவில்லை. கல்லீரல் அழற்சி பரவுகிறது என்று சொல்லி 1961-இல் நியூயார்க் நகரம் டாட்டூ போடுவதையே தடை செய்தது. அந்தத் தடை 1997 வரை நீடித்தது.

ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் டாட்டூ கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸை 'செய்லர் ஜெர்ரி' என்பார்கள். 1973-இல் இறந்த அவர் பெயரில் இன்று ஒரு ரம் விற்கிறது. அவரிடம் தொழில் நுணுக்கம் கற்ற டான் எட் ஹார்டியின் கதை இன்னும் விசித்திரம். முறையாக ஓவியம் படித்தவர் அவர். ஜப்பானுக்கும் போய்க் கற்றுக்கொண்டவர். 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்தபோது, சுவரைப் பார்த்துப் படம் பொறுக்கும் வழக்கத்தையே தள்ளிவைத்தார். முன்பதிவு செய்துகொண்டுதான் வர வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிப் படம். அப்படிப்பட்டவரின் பெயரும் பழைய ஃபிளாஷ் படங்களும்தான் 2000-களில் டீ-ஷர்ட்டில் அச்சாகி, மண்டையோடும் புலியுமாக உலகம் முழுக்க விற்றன. சட்டையில் மை பரவாது. ஆனாலும் கோடுகளை அதே தடிப்பில்தான் அச்சடித்தார்கள்.

நன்றி, வணக்கம்.