மீன் பட்டதா என்று கேட்டவர்

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்துத் திருவிழா மேடையின் முன்னே மணலில் அமர்ந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

'வாய்ப்பிழந்து வாடும் வளரிளம் பிள்ளைகளிடம் கிறிஸ்தவ நம்பிக்கையை வளர்ப்பது தேற்றும் சொல்லா, கேட்கும் செவியா?' என்பது தலைப்பு. கேட்கும் செவியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எரேமியா 29:11-ஐ எடுத்துக்காட்டினார். கடவுள் நமக்கு வகுத்திருப்பது கேட்டுக்கான திட்டமல்ல, நல்வாழ்வுக்கான திட்டம் என்ற வாக்கு அது. ஐயா, அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். பாபிலோனில் எழுபது ஆண்டு என்று இருக்கிறது! அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த யூத மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பதினைந்து வயதுப் பையனுக்கு ஊர் திரும்பும்போது எண்பத்தைந்து வயது. போன இளமை திரும்பி வரும் என்று எரேமியா சொல்லவில்லை. இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றுதான் எழுதினார். அழுகிற பிள்ளையின் வாயை மூடுவதற்கு அந்த வசனத்தை எடுக்காதீர்கள்.

நம் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று நமக்குத் தெரியுமா? 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. 2021-இல் பிளஸ் டூ தேர்வும் ரத்தானது. 'எழுதாமலே தேர்ச்சி, கொடுத்து வைத்தவர்கள்' என்றோம். கடைசி நாள் வகுப்பறையும் ஆட்டோகிராப் நோட்டும் இல்லாமல் பள்ளிப் பருவம் முடிந்துபோனதை யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. 2024-இல் மீனவர் கைதைக் கண்டித்துக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் புறக்கணித்தோம். நியாயமான முடிவுதான், நானும் ஆதரித்தேன். ஆனால் முதன்முறையாகப் பெயர் கொடுத்துவிட்டுப் படகேறக் காத்திருந்த பையனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

என் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி. திருமுழுக்கில் பெற்ற நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் அவளுக்கு நடந்த மாதத்தில் அவள் தந்தை இலங்கையில், யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனவர் கரை திரும்பவில்லை. பூசைக்கு வந்த பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் அருகில் போய், "எல்லாம் நன்மைக்கே அம்மா" என்றேன். மூன்று வாரம் அவள் வகுப்புக்கே வரவில்லை.

பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவளோடு உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து, "அப்பா என் கூட நிற்பேன் என்று சொல்லியிருந்தார் டீச்சர்" என்றாள். இழப்பு முழுவதும் அந்த ஒரு வரிதான். நான் பதில் சொல்லவில்லை. திருப்பாடல் 88-ஐ எடுத்து வாசித்தேன். இருளைச் சொல்லி, இருளிலேயே முடிகிற பாடல் அது. "இப்படியெல்லாம் பைபிளில் இருக்கிறதா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அவள் தந்தை அன்று விடுதலையாகிவிடவில்லை. ஆனால் கடவுளிடம் சண்டை போடலாம் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. சண்டை போடுகிறவள் அவரை விட்டுப் போகவில்லை, நடுவர் அவர்களே!

நீதித்தலைவர்கள் நூலில் இப்தாவின் மகளைப் பாருங்கள். தந்தையின் கொடுமையான நேர்ச்சையால் வாழ்வையே இழந்த பெண். அந்த நேர்ச்சையை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். அவள் கேட்டது இரண்டு மாத அவகாசம். தோழிகளோடு மலைக்குப் போய், காணாமலே போகும் தன் மணநாளுக்காக அழுவதற்கு. அவளுக்குப் பின் இஸ்ரயேல் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளுக்காகப் புலம்பினார்கள். நடக்காமற்போன ஒரு நல்ல நாளுக்குத் திருநூல் இவ்வளவு இடம் கொடுக்கிறது. நாம் இரண்டு நிமிடம் கொடுப்பதில்லை.

1964 புயலுக்குப் பிறகும் நாம் எழவில்லையா என்று எதிரணியில் ஒரு தம்பி முழங்கினார். எழுந்தோம் தம்பி. தனுஷ்கோடி எழவில்லை. அங்கே கோயில் சுவர் இன்றும் கூரையில்லாமல்தான் நிற்கிறது. உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் ஆணிக்காயம் அப்படியே இருந்தது. அதைத்தான் சந்தேகப்பட்ட சீடர் தோமாவுக்குக் காட்டினார்.

அந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் என்ன செய்தார்? இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு வந்த சீடர்களிடம் முதலில் மீன் ஏதும் பட்டதா என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். 'இல்லை' என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல விட்டார். வலப்பக்கம் வலை போடச் சொன்னது அதற்குப் பிறகு. அவர்கள் கரையேறியபோது கரியடுப்பில் மீனும், கூடவே அப்பமும் இருந்தன. வந்து சாப்பிடுங்கள் என்று அழைத்தார்.

நடுவர் அவர்களே, முன்வரிசையில் நம் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வளவு நேரம் அவர்களைப் பற்றி நாங்கள் ஆறு பேர் பேசிவிட்டோம். தீர்ப்பு சொல்லும் முன் ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுங்கள். நன்றி, வணக்கம்.