தட்டணுக்களைக் கேட்டுப் பார்ப்போம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் முத்தியால்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான் பேச்சு. டெங்கு நமக்குப் பழக்கிவிட்ட வார்த்தை அது. தமிழில் தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். காயம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கும்.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு. ஆன்டிஜென் என்கிற அந்நியப் பொருளோடு உடல் அதை எதிர்க்கத் தயாரிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பின்னிக் கொத்தாகிவிட்டால், தட்டணு அதைக் கண்டுகொள்ளும். எதிர்ப்பொருளின் வாலைப் பிடிக்கும் ஏற்பி அதன்மேல் இருக்கிறது. தனி வால் பட்டால் சும்மா இருக்கும். பல வால்கள் சேர்ந்து பட்டால் உடனே திரளும்.

1970களில் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். குழித்தட்டில் நோயாளியின் சீரத்தோடு, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரோடு, தட்டணுவைக் கலந்து, இரவு முழுக்கக் குளிரில் வைப்பார்கள். காலையில் குழியின் அடியில் கோலப்புள்ளி மாதிரி கச்சிதமாகப் படிந்திருந்தால் கொத்து இல்லை. பாய் விரித்ததுபோலப் பரவியிருந்தால் இருக்கிறது. எந்த ஆன்டிஜென் என்பதை மட்டும் அது சொல்லாது.

இன்று இந்தக் குணம் பெரிதும் உதவுவது ஹெப்பாரின் விஷயத்தில். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி அது. சிலருக்கு 5 முதல் 10 நாளில் தட்டணு சரியும். ஆனால் ரத்தம் கசிவதற்குப் பதிலாகக் குழாய்க்குள்ளேயே உறையும். ஹெப்பாரினும் தட்டணுவின் ஒரு புரதமும் சேர்ந்ததை உடல் அந்நியமாக நினைப்பதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் செய்கிறோம். அதற்கு ஆரோக்கியமானவரின் தட்டணு வேண்டும். அதை மெதுவாகச் சுழற்றிப் பிரித்து, குழாயை வெளிச்சத்தில் ஆட்டினால் பட்டுத்துணி அசைவதுபோல மினுங்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அதில் நோயாளியின் சீரமும் கொஞ்சம் ஹெப்பாரினும் சேர்த்து, 1962இல் பார்ன் என்கிற ஆய்வாளர் வகுத்த முறைப்படி ஒளியைச் செலுத்துவோம். தட்டணு திரண்டால் கலங்கல் தெளிந்து ஒளி கூடுதலாகப் புகும். அப்புறம் ஹெப்பாரினை மிக அதிகமாகச் சேர்த்துப் பார்ப்போம். கொத்து கலைந்து, திரளாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பாசிட்டிவ். ஒருமுறை ரத்தம் கொடுத்தவர் இரண்டு நாள் முன்பு ஆஸ்பிரின் போட்டிருந்தார். ஆஸ்பிரின் தட்டணுவைச் சரியாகத் திரளவிடாது; ஒருநாள் வேலையும் வீண். அன்றிலிருந்து மாத்திரையைப் பற்றி மூன்று தடவை கேட்கிறேன்.

சந்தேகம் வந்ததுமே மருத்துவர்கள் ஹெப்பாரினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறிவிடுவார்கள்; எங்கள் ரிப்போர்ட் அதை உறுதி செய்யும். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி உறுதியாகியிருந்தால், அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டயாலிசிஸுக்கே போனாலும், ஊசி போடும் முன் அதைக் காட்டுங்கள். டயாலிசிஸ் குழாயிலும் ஹெப்பாரின் விடுவார்கள்.