காட்டில் இருந்த சாமி

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கல்லூரி முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

'இன்றைய மனிதன், இயற்கை, மதம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மதத்தின் நூலிலிருந்தும் மரத்தையும் நதியையும் போற்றும் வரிகளை எடுத்து அடுக்கினாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். நான் அதைச் செய்யப் போவதில்லை. ஒரு மலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒடிசாவில் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் நியம்கிரி என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் வாழும் மலை. அவர்களுடைய சாமி நியமராஜா. அவருக்குக் கோபுரம் கிடையாது, கருவறை கிடையாது. மலை உச்சிதான் அவர் இருக்கும் இடம். சரிவுகளில் அந்த மக்கள் பயிர் வைப்பார்கள், பழம் பறிப்பார்கள். உச்சியில் மட்டும் மரத்தை வெட்டக் கூடாது. இது எங்கேயும் எழுதி ஒட்டிய விதி இல்லை. பாட்டன் சொன்னான், பேரன் கேட்டான்.

அந்த மலைத்தொடரின் மேல்பகுதியில்தான் பாக்சைட் இருக்கிறது. அலுமினியம் எடுக்கும் தாது. அந்தப் பாறை மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கோடையிலும் அங்கே ஓடைகள் வற்றுவதில்லை. வேதாந்தா நிறுவனம் அடிவாரத்தில், லாஞ்சிகரில், அலுமினா ஆலையை முதலில் கட்டி முடித்தது. மேலே சுரங்கத்துக்கு அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று நம்பிக் கட்டிய ஆலை. 2010-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பை வழக்கறிஞர் அல்லாதவர்களும் படிக்க வேண்டும். சுரங்கம் வரப்போகும் இடம் நியமராஜாவின் உச்சியிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது சுரங்கத் தரப்பின் வாதம். அவ்வளவு தூரத்தில் தோண்டினால் நியமராஜாவுக்குப் பாதிப்பு உண்டா இல்லையா? இதை நீதிபதிகள் தீர்மானிக்கவில்லை. கிராம சபைகளே கூடிச் சொல்லட்டும் என்றார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள நீதித்துறை அதிகாரிகளின் முன்னிலையில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை இன்றைக்கும் நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் தலைப்புக்கான விடை இதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விஞ்ஞானம் அந்த மலைக்காகப் பேசியது, அறிக்கைகள் வந்தன. சட்டமும் பேசியது, 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இல்லாவிட்டால் அந்த வழக்குக்கே கால் இருந்திருக்காது. ஆனால் மலையின் இன்ன பகுதியைத் தொடாதே என்ற சொல் சட்டத்துக்கும் அறிக்கைக்கும் வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது. அந்தச் சொல்லை மதம் காப்பாற்றி வைத்திருந்தது.

இயற்கையோடு இன்றைய மனிதனின் உறவைப் பற்றி நினைக்கும்போது ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. எந்த இடத்துக்கும் ஈடு கொடுத்துவிடலாம் என்று நாம் முழுமையாக நம்பத் தொடங்கிவிட்டோம். சாலைக்காக ஒரு புளியமரம் போனால் பத்துக் கன்று நடுவோம் என்கிறோம். காடு போனால் வேறு மாவட்டத்தில் காடு வளர்ப்போம் என்கிறோம். அதற்கென்று 2016-ல் நாடாளுமன்றம் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டமே கொண்டுவந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு மலை இன்னொரு மலைக்குச் சமம், ஒரு ஏரி இன்னொரு ஏரிக்குச் சமம். நியம்கிரி மக்களிடம் போய், உங்கள் நியமராஜாவுக்கு வேறு மலையில் நல்ல கோயிலாகக் கட்டித் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பேச்சே அவர்களுக்குப் புரியாது. அவர்களைப் பொறுத்தவரை சாமி வேறு, மலை வேறு இல்லை.

ராஜஸ்தானில் பிஷ்ணோய் மக்களின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1730-ல் ஜோத்பூர் அரசர் அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டி கேஜட்லி கிராமத்துக்கு வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரையும் வெட்டினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களையும் சேர்த்து 363 பேர் இறந்ததாக அந்த மக்கள் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவர்களுடைய குரு ஜாம்போஜி வகுத்த 29 விதிகளில் ஒன்று.

அவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த மரம் எது தெரியுமா? நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தல மரமாக இருக்கிறதே, அதே வன்னி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில், ஐயனாருக்கும் முனிக்கும் கன்னிமாருக்கும் விட்டுவைத்த காடுகள் உண்டு. சில இடங்களில் அரை ஏக்கர், சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு ஏக்கர். செருப்போடு உள்ளே போகக் கூடாது. கீழே விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துப் போகக் கூடாது. புரவி எடுப்பு என்று திருவிழா நடக்கும். வேளார் வீட்டில் செய்த மண் குதிரைகளைத் தோளில் சுமந்து வந்து காட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். மழையில் கரைந்து உடைந்து அந்தக் குதிரை மறுபடி மண்ணாகிவிடும். அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். அந்தக் காட்டுக்கு மனிதன் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தங்கி நின்று கெடுக்கும் பொருள் எதுவுமே கிடையாது. இதைச் செய்தவர்கள் சூழலியல் படித்தவர்கள் அல்ல.

சோழமண்டலக் கரையோரத்துக்கு உரிய ஒரு காடு உண்டு. வறண்ட நிலத்தில் வளர்ந்தாலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் குட்டையான, அடர்ந்த காடு. வீரை, காயா, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காட்டில் பெரும்பகுதி வயலாகவும் முந்திரித் தோப்பாகவும் ஊராகவும் மாறிப்போனது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் புத்துப்பட்டில் ஐயனாரைச் சுற்றி அந்தக் காட்டைப் பார்க்கலாம். ஆரோவில்லில் செம்மண் பொட்டலைக் காடாக்கியவர்கள் இப்படிப்பட்ட கோயில் காடுகளுக்கு வந்துதான் அந்த மண்ணுக்கு உரிய மரம் எது என்று தெரிந்துகொண்டார்கள், விதை எடுத்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? எனக்கு வேதனை தருவது இதுதான். இந்தக் காடுகளில் பலவற்றை அழித்தவர்கள் சாமி இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. சாமி கும்பிட்டவர்கள்தான் அழித்தார்கள். வெளிநாட்டிலோ சென்னையிலோ சம்பாதித்தவர் குலசாமிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசையோடு வருகிறார். அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலிலும் மழையிலும் நின்ற ஐயனாருக்குக் கூரை போடுகிறார்கள். பிறகு மண்டபம், சுற்றுச்சுவர், தரைக்கு டைல்ஸ், வண்டி நிறுத்த இடம், சமையலுக்குக் கூடம். கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் போட இன்னும் கொஞ்சம் இடம். ஒவ்வொரு முறையும் இரண்டு மரம், மூன்று மரம். கடைசியில் சிமெண்ட் குதிரை பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறது, அதன்மேல் விழ நிழல் இல்லை. முன்பு காடு முழுவதும் சாமியாக இருந்தது. இப்போது சாமி ஓர் அறைக்குள் வந்துவிட்டது. அறைக்கு வெளியே இருப்பது வெறும் நிலமாகிவிட்டது. வெறும் நிலத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் அல்லவா?

மதம் இயற்கைக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வியை உலகம் ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1967-ல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், மனிதன் மற்ற உயிர்களை ஆளப் பிறந்தவன் என்ற கிறித்தவ எண்ணமே இன்றைய சூழல் கேட்டின் வேர் என்று எழுதினார். பெரிய விவாதம் கிளம்பியது. 2015-ல் போப் பிரான்சிஸ் இந்தப் பூமியை நம் பொது வீடு என்று சொல்லி உலக மக்கள் எல்லோருக்குமாக ஒரு நீண்ட மடல் எழுதினார். முக்கியமான மடல்தான். ஆனால் எத்தியோப்பியாவின் வடக்கில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்கள் தங்களைச் சுற்றிக் காடு வைத்துக் காத்து வந்திருக்கின்றன. அந்த வட்டாரத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். எங்கும் காய்ந்த வயல், மேய்ச்சல் நிலம். நடுநடுவே பச்சை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு தேவாலயம். இப்போது மாடு புகாமல் இருக்கக் கல்சுவர் எழுப்புகிறார்கள், பாதிரியார்கள் முன்னின்று. இஸ்லாத்தில் மக்கா, மதீனா புனித எல்லைக்குள் மரம் வெட்டவோ வேட்டையாடவோ கூடாது. அரேபியாவில் ஹிமா என்று மேய்ச்சல் நிலத்தை ஊர்க் கட்டுப்பாட்டில் ஒதுக்கி வைக்கும் பழைய முறை இருந்தது. 1953-ல் சவூதி அரசு அதை நீக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. பல இடங்களில் புல் அழிந்தது.

ஆக, எந்த வேதம் பச்சையான வேதம் என்று நாம் சண்டை போட வேண்டியதில்லை. இன்ன இடம், இதன் எல்லை இது, இதற்குள் இதைச் செய்யாதே என்று மதம் எங்கே சொன்னதோ, பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள் எங்கே அதைக் காவல் காத்தார்களோ, அங்கே மரமும் தண்ணீரும் பிழைத்தன. பொதுவாகப் போற்றிய இடங்களில் பிழைக்கவில்லை. கங்கையைவிட அதிகமாகப் போற்றப்பட்ட நதி உலகத்தில் உண்டா? ஜி. டி. அகர்வால் என்று ஒருவர் இருந்தார். கான்பூர் ஐஐடியில் பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர். கடைசிக் காலத்தில் துறவியானார். கங்கையின் மேல்பகுதியில் அணைகளை நிறுத்துங்கள், நதியை ஓட விடுங்கள் என்று கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். 111 நாள். 2018 அக்டோபர் 11 அன்று, 86 வயதில், ரிஷிகேஷில் இறந்தார். மாலையில் ஆரத்தி காட்டும் கூட்டம் கரைகொள்ளாமல் நின்ற அதே நதிக்கரை ஊர்களில்தான் இது நடந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய கோயில் காடுகளைப் பயமும் காத்தது. சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம். சில இடங்களில் பெண்கள் நுழையக் கூடாது, இன்ன சாதியார் நுழையக் கூடாது என்ற தடையும் அதோடு கலந்திருந்தது. மரத்தைக் காப்பாற்றியது என்பதற்காக அந்தத் தடையை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். அது திரும்பி வரவும் வேண்டாம். எல்லைக் கோடு வேண்டும், ஆனால் அதை எல்லோரும் சேர்ந்து கூடிப் போட வேண்டும். நியம்கிரியில் அப்படித்தான் போட்டார்கள், ஒவ்வொருவராகக் கிராம சபையில் எழுந்து பேசி.

நம் மதுரைப் பக்கமும் இது நடந்திருக்கிறது. அரிட்டாபட்டியில் சமணப் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் உண்டு. ஏழு மலை, அதைச் சுற்றி 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. 2022-ல் அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பல வகை உயிர்களுக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவித்தார்கள். 2024-ல் அந்த வட்டாரத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய அரசு. ஊர் ஊராகக் கிராம சபை கூடித் தீர்மானம் போட்டார்கள். சாமியும் கல்வெட்டும் கண்மாயும் ஒரே பேச்சில் வந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதே ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோயில் காடும் பாரம்பரியத் தலமானது. அது ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. சின்ன இடம்தானே என்று யாரும் ஒதுக்கவில்லை.

இங்கே கோயில் திருப்பணிக் கமிட்டியில் இருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பங்குப் பேரவையிலும் ஜமாஅத்திலும் இருப்பவர்களும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த திருப்பணிக்கு எஞ்சினியரிடம் வரைபடம் கேட்கும்போது, இருக்கும் மரங்களை முதலில் அதில் குறிக்கச் சொல்லுங்கள். மண்டபம் மரத்துக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கட்டும். வெளிப் பிரகாரத்துக்கும் தேவாலய வளாகத்துக்கும் பள்ளிவாசல் முற்றத்துக்கும் முழுவதுமாக சிமெண்ட் போடாதீர்கள். மண் தெரியட்டும், மழை இறங்கட்டும். குளத்துக்கு வரும் வாய்க்காலை மறித்துக் கடை கட்ட வாடகைக்கு விடாதீர்கள். உபயம் செய்ய வருபவர் சிமெண்ட் குதிரை கேட்டால், வேளார் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

அதோடு, 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள மரம், செடி, உயிர்களைப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. காசம்பட்டிக்குக் கிடைத்த அறிவிப்பு உங்கள் ஊர்க் காட்டுக்கும் கிடைக்க வழி இருக்கிறது. ஊர் கூடிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். மரங்களுக்குப் பெயர் எழுதித் தர உங்களால் முடியும். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயேதான் இருப்பேன். யார் ஊரில் கோயில் காடு மிச்சம் இருக்கிறதோ, வந்து ஊர்ப் பெயரையும் சாமி பெயரையும் சொல்லுங்கள். முதல் மனுவை இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்.