மறுநாள் நடந்தது என்ன?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மதப்பிரிவு மோதலில் சிக்கிய ஒரு நாட்டைவிட்டு அந்நியப் படைகள் வெளியேறுவது அமைதியைத் தருகிறதா, அழிவைத் தருகிறதா என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. அழிவையே தருகிறது என்று பேச வந்திருக்கிறேன். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்நியப் படை நுழைந்தது சரி என்று நான் வாதாடப்போவதில்லை. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கப் படை ஈராக்கிற்குள் நுழைந்தபோது காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் அங்கே கிடைக்கவே இல்லை என்பதை உலகம் அறியும். ஆனால் நடுவர் நம்மிடம் கேட்டிருப்பது நுழைந்ததைப் பற்றியன்று, வெளியேறியதைப் பற்றி. கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவன் குற்றவாளிதான். ஆனால் உடைத்த கதவைத் திரும்பப் பொருத்தாமல், தெருவில் கொள்ளையர் நிற்கும் நள்ளிரவில் அவன் கிளம்பிப்போவதை அந்த வீட்டாருக்குச் செய்த நன்மை என்று எதிரணி சொல்கிறதே, அதைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்நியப் படை இருப்பதுதான் பகைக்கு எண்ணெய், எண்ணெய் நின்றால் நெருப்பு அணையும் என்றார் எதிரணித் தலைவர். 2007 செப்டம்பரில் பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் அமெரிக்க அதிகாரிகளுக்குக் காவல் வந்த தனியார் பாதுகாவலர்கள் 17 ஈராக்கியரைச் சுட்டுக் கொன்றதை எடுத்துக்காட்டினார். அது கொடுமை. அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் ஈராக்கியக் கைதிகளைச் சித்திரவதை செய்தது அதைவிட வெட்கக்கேடு. இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 2006 பிப்ரவரி 22 அன்று சமாராவில் ஷியா முஸ்லிம்களின் புனித அடக்கத்தலமான அல் அஸ்கரி பள்ளிவாசலின் பொற்கூரை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதே, அந்தக் குண்டு எந்த அமெரிக்கனைக் குறிவைத்தது? அதன்பின் பாக்தாத் தெருக்களில் காலைதோறும் கிடந்த உடல்கள் அண்டை வீட்டார் கொன்ற அண்டை வீட்டாரின் உடல்கள். சாலைத் தடுப்பில் அடையாள அட்டையைக் காட்டும்போது சுன்னி முஸ்லிம் பிரிவைக் காட்டும் உமர் என்ற பெயர் ஓரிடத்தில் சாவாகவும், ஷியா பிரிவைக் காட்டும் அலி என்ற பெயர் இன்னோரிடத்தில் சாவாகவும் முடிந்ததால், இரண்டு பெயர்களில் இரண்டு அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு மக்கள் வேலைக்குப் போன காலம் அது. எண்ணெய் ஊற்றியவன் போய்விட்டான் என்பதற்காக எரிகிற வீடு தானாக அணைந்துவிடுமா, நடுவர் அவர்களே?

அந்த நாட்டின் வேலி எப்படிப் போயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். 2003 மே மாதத்தில் ஈராக்கின் இராணுவம் ஒரே உத்தரவில் கலைக்கப்பட்டது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் சம்பளமின்றி, ஆனால் ஆயுதப் பயிற்சியோடு வீடு திரும்பினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் எழுந்த புதிய காவல்துறைக்குள் ஷியா ஆயுதக் குழுக்கள் புகுந்துகொண்டன. 2005 நவம்பரில் பாக்தாதின் ஜாதிரியாப் பகுதியில், உள்துறை அமைச்சுக்குச் சொந்தமான கட்டடத்தின் அடியில், பெரும்பாலும் சுன்னிகளான ஏறத்தாழ 170 பேர் பட்டினியும் சித்திரவதையுமாக அடைத்துவைக்கப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. வேலியே பயிரை மேய்ந்த அந்தக் கட்டடத்தின் கதவைத் திறந்தவர்கள் யார்? எதிரணி பழிக்கும் அதே அந்நியப் படையினர். அவர்களும் இல்லாதிருந்தால் அந்தக் கதவை யார் திறந்திருப்பார்கள் என்பதை அவையோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடுத்து நான் சொல்லப்போவது என் வாதத்தின் உயிர்நாடி. 2006 இறுதியிலிருந்து அன்பார் மாநிலத்துச் சுன்னிக் குலங்கள் அல் காய்தாவை எதிர்த்து எழுந்தன. அமெரிக்கப் படையோடு உடன்பாடு செய்துகொண்டு, தம் ஊர்களுக்குத் தாமே காவல் நின்ற இத்தகையோரின் எண்ணிக்கை நாடு முழுவதிலும் 2008இல் ஏறத்தாழ ஒரு இலட்சத்தை எட்டியது. ஷியா பெரும்பான்மை அரசு தம்மைப் பழிவாங்காது, அந்நியப் படை நடுவில் நிற்கிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர்கள் தம் பெயர்களைப் பட்டியலில் எழுதிக் கொடுத்தார்கள். கொலைகள் பெருமளவு குறைந்தன. ஆனால் அதே 2008இல், 2011 டிசம்பர் 31க்குள் கடைசி வீரனும் வெளியேற வேண்டும் என்று இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் நாள் குறித்துவிட்டன. நாள் குறிக்கப்பட்டதுமே காத்திருந்தால் போதும் என்ற தெளிவு இரு தரப்பு ஆயுததாரிகளுக்கும் கிடைத்துவிட்டது. காத்திருக்க முடியாதவர்கள் அந்தப் பட்டியலில் பெயர் எழுதியவர்கள் மட்டுமே.

2011 டிசம்பர் 18ஆம் நாள் அதிகாலையில் கடைசி அமெரிக்க வாகன அணி எல்லையைக் கடந்து குவைத்துக்குள் சென்றது. மறுநாள் நடந்தது என்ன? டிசம்பர் 19 அன்று, அந்நாட்டின் துணை அதிபரும் சுன்னித் தலைவருமான தாரிக் அல் ஹாஷிமியைக் கைது செய்ய ஆணை பிறந்தது. ஒரு வாரம்கூட, ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அடுத்த ஆண்டு அவருக்கு, அவர் இல்லாமலேயே, மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2012 இறுதியில் நிதியமைச்சர் ராஃபி அல் இசாவியின் மெய்க்காப்பாளர்கள் கைதானார்கள். சுன்னி ஊர்களில் அறப்போராட்டக் கூடாரங்கள் எழுந்தன. 2013 ஏப்ரலில் ஹவிஜாவில் போராட்டக்காரர்கள்மீது படை பாய்ந்தது. 2014 ஜனவரியில் ஃபலூஜா நகரம் ஐஎஸ் என்ற சுன்னித் தீவிரவாதக் குழுவின் கையில் விழுந்தது. ஜூன் 10இல், நாட்டின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றான மோசுல் விழுந்தது.

அது அன்றைய ஷியாப் பிரதமர் மாலிக்கியின் குற்றம், வெளியேற்றத்தின் குற்றமன்று என்று எதிரணியிலிருந்து இப்போதே குரல் எழுவது கேட்கிறது. மாலிக்கியின் குற்றம்தான், ஐயமில்லை. ஆனால் அவர் 2006இலிருந்தே பிரதமராக இருந்தவர். ஐந்து ஆண்டுகள் செய்யத் துணியாததைப் படை போன மறுநாள் செய்தார் என்றால், அதுவரை அவர் கையைப் பிடித்திருந்தது எது? காவலர் இருக்கும்வரை கையை ஓங்காதவன், காவலர் தெருமுனையைத் தாண்டியதும் ஓங்குகிறான் என்றால், காவலர் போனதற்கும் அந்த அடிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியுமா?

மோசுலைக் காக்கவேண்டிய இராணுவம் ஏட்டில் பல்லாயிரம் பேர் கொண்டதாக இருந்தது. அடுத்துப் பிரதமரான ஹைதர் அல் அபாதி ஆராய்ந்தபோது, சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்து களத்தில் இல்லாத 50,000 வீரர்கள் இருப்பதாக அறிவித்தார். தம்மைப் பகைவராகப் பார்த்த அந்த இராணுவத்துக்காக உயிரைக் கொடுக்க மோசுலின் சுன்னி மக்களுக்கும் மனம் வரவில்லை. ஜூன் 12இல், திக்ரித் அருகேயுள்ள ஸ்பைக்கர் முகாமில் பயிற்சியிலிருந்த ஷியா இளைஞர்கள் ஐஎஸ் குழுவினரால் பிரித்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 1,700 பேர் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் மோசுலின் கிறிஸ்துவர் வீட்டுச் சுவர்களில் கிறிஸ்துவரைக் குறிக்கும் 'நஸ்ரானி' என்ற சொல்லின் முதலெழுத்தான 'நூன்' என்ற அரபு எழுத்தை எழுதி அக்குழுவினர் அடையாளமிட்டார்கள். பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் உடுத்திய துணியோடு வெளியேறின.

ஆகஸ்ட் 3இல் சிஞ்சார் பகுதியில் யஸீதி என்ற சிறுபான்மை மதத்து மக்களுக்குக் காவலாக நின்ற குர்தியப் பெஷ்மெர்கா படை இரவோடு இரவாகப் பின்வாங்கியது. போகிறோம் என்று அந்த ஊராரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அங்கே கொச்சோ என்ற சிற்றூரில் ஐஎஸ் புகுந்து, ஆண்கள் வரிசையில் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த ஊரில் பிடிபட்டு, பின்னர் தப்பி வந்த நாதியா முராத் 2018இல் அமைதிக்கான நோபெல் பரிசை ஏற்றார். நடுவர் அவர்களே, இங்கே விலகியது அந்நியப் படையன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் விலகலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. பெரிய பிரிவுக்குப் பெரிய படை இருக்கிறது, அடுத்த பிரிவுக்கு அண்டை நாட்டின் துணை இருக்கிறது. எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு, நடுவில் நின்ற காவலைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? போன படை அதே ஆகஸ்ட் மாதத்தில் விமானத் தாக்குதலோடு திரும்பி வந்தது. நம் சிங்கப்பூரும் அந்தக் கூட்டணிக்கு வானில் எரிபொருள் நிரப்பும் விமானத்தை அனுப்பியது. மோசுலை மீட்க 2016 அக்டோபரிலிருந்து 2017 ஜூலைவரை ஒன்பது மாதம் பிடித்தது. மீட்டபோது பழைய நகரம் இடிபாடாகக் கிடந்தது.

இது ஈராக்கின் தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலிருந்து பாலஸ்தீனப் போராளிகள் கப்பலேறியபோது, அகதி முகாம்களில் விட்டுச் செல்லும் குடும்பங்களுக்குத் தீங்கு நேராது என்ற உறுதிமொழி தரப்பட்டது. அமெரிக்க, பிரெஞ்சு, இத்தாலிய வீரர்கள் அதற்காகவே வந்து, முப்பது நாள் தவணை முடியும் முன்பே, செப்டம்பர் நடுவாக்கில் வேலை முடிந்ததென்று புறப்பட்டார்கள். செப்டம்பர் 16 முதல் 18 வரை, சப்ரா, ஷட்டீலா முகாம்களுக்குள் மரோனைட் கிறிஸ்துவ ஆயுதக் குழுவினர் புகுந்து, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொன்றார்கள். வெட்கமடைந்த அதே நாடுகள் அந்த மாத இறுதியிலேயே படைகளைத் திருப்பி அனுப்பின. புதைக்கப்பட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் நம் வீட்டு முற்றத்திலிருந்தே ஒரு சான்றை எடுத்தார். பிரிட்டன் சிங்கப்பூரைவிட்டுப் போனதே, நாம் கெட்டா போய்விட்டோம் என்று கேட்டார், அரங்கம் கைதட்டியது. என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் தளங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்த இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. 1964ஆம் ஆண்டு இனக் கலவரங்களில் 36 பேர் மாண்ட நினைவும் ஆறாத காலம் அது. அப்படியிருந்தும் நாம் கெடவில்லை என்றால், காரணம் அவர்கள் போனது அன்று, போன விதம். திரு லீ குவான் இயூ இலண்டனுக்கே பறந்து சென்று வாதாடி, 1971 மார்ச் என்றிருந்த கெடுவை அவ்வாண்டு இறுதிவரை நீட்டிக்க வைத்தார். அதற்குள், 1967இல் தொடங்கிய தேசிய சேவையின்வழி எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே சீருடையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு 1971 ஏப்ரலில் உறுதியான பிறகே பழைய கொடி இறங்கியது. நியூசிலாந்துப் படையோ 1989வரை இங்கேயே இருந்தது. எதிரணியினர் கைகாட்டிய அதே சிங்கப்பூர் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

வட அயர்லாந்தையும் அவர்கள் பார்க்கட்டும். கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் இடையே 1969இல் இறங்கிய பிரிட்டிஷ் படை அந்நியப் படையா என்பதே அங்கே நடந்த சண்டையின் பாதி. 1972இல் அந்தப் படை நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றதும் வரலாறு. அதற்காக மறுநாளே கிளம்பியிருந்தால் பெல்ஃபாஸ்ட் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறேன். முதலில் 1998இல் உடன்பாடு, பிறகு 2001இல் இரு சமூகத்தாரையும் சம எண்ணிக்கையில் சேர்க்கும் புதிய காவல்துறை, பிறகு 2005இல் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு ஆயுதங்களைக் கைவிட்டது, எல்லாவற்றுக்கும் பிறகு 2007 ஜூலை 31இல் படை நடவடிக்கை முடிவு. இந்த வரிசையை ஈராக்கில் தலைகீழாக்கினார்கள். படை முதலில் போனது, உடன்பாடு வரவே இல்லை.

இலங்கையைப் பற்றிப் பேசாமல் தமிழர் அவையில் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. அது மதப்பிரிவுப் போரன்று. எனவே அதிகம் பேசமாட்டேன். 1987இல் அமைதிப்படை என்ற பெயரில் வந்த இந்தியப் படை தமிழ் மக்களுக்கு இழைத்த கொடுமைகளை மறைத்துப் பேசவும் என் நா எழாது. ஆயினும் 1990 மார்ச்சில் அது கப்பலேறியபின் நடந்தவற்றையும் மறைக்கக்கூடாது. அந்தப் படையை நம்பி ஆயுதம் ஏந்த வைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் கைவிடப்பட்டு மடிந்தார்கள். ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தம் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அன்பாரில் பட்டியலில் பெயர் எழுதிக் கைவிடப்பட்டவர்களைப் பற்றி நான் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் அந்த இளைஞர்கள்தாம்.

எவ்வளவு காலம்தான் இருக்கச் சொல்கிறீர்கள், வட அயர்லாந்தில் இருந்ததுபோல் முப்பத்தெட்டு ஆண்டுகளா என்று எதிரணியில் அடுத்துப் பேச வரும் சகோதரி கேட்கக்கூடும். ஆண்டுக் கணக்கை நான் கேட்கவில்லை. சிறுபான்மையினரின் பிள்ளை, நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது காவல்துறைக்குத் தொலைபேசியில் அழைக்கத் துணியும் நாள்வரை என்கிறேன். அந்த நாளுக்கு முன் போனால் நல்லது நடக்கும் என்று அவர் இன்னும் நம்பினால், கொச்சோவில் ஆகஸ்ட் மாதத்து அந்தக் காலையில், காவல் போன சாவடியைப் பார்த்துக்கொண்டு நின்ற தாய்மாருக்கு அவர் என்ன விடை சொல்வார் என்பதை இந்த மேடையில் சொல்லட்டும். நடுவர் அவர்களே, அந்த விடையைக் கேட்டபின் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.